காலி இடமும் காதில் விழும் செய்தியும்



ஒரு வேலை காலியாக இருக்கிறது என்ற செய்தி நம் காதுக்கு எப்படி வந்து சேருகிறது? அந்த நாளில் தோட்டத்தில் அது கங்காணியின் வாய்வழியே வந்தது. அவருக்கு வேண்டியவர்கள் முதலில் அறிந்துகொள்வார்கள். மற்றவர்கள் விடியற்காலைப் பெரட்டில் நிற்கும்போது, இடம் நிரம்பிவிட்ட செய்தியைத்தான் கேட்பார்கள். ‘உன் பிள்ளை வேண்டாம்’ என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைக்குக் கதவு மூடியே கிடந்தது.

இதே சிக்கல் அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழக வானொலி நிலையங்களிலும் உண்டு. அதற்கு அவர்கள் கண்ட வழி என்ன என்பதை இன்று பார்ப்போம்.

அந்நாட்டில் பல பல்கலைக்கழகங்கள் சொந்தமாக வானொலி நடத்துகின்றன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.எச்.ஏ. நிலையம் 1922 முதல் அந்தப் பெயரில் ஒலித்து வருகிறது. 1931-இல் அது பள்ளிப் பிள்ளைகளுக்கு வானொலி வழியே பாடம் நடத்தத் தொடங்கியது. நாட்டுப்புறத்துச் சிறிய பள்ளிக்கூடங்களுக்கும் அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது.

இத்தகைய நிலையங்களில் சம்பள ஊழியர்கள் சிலரே இருப்பார்கள். ஓர் இடம் காலியானால், முன்பு மாணவராக இருந்தபோது உதவிக்கு வந்த, நன்கு தெரிந்த ஒருவரை அழைப்பது எளிது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால், அந்தப் பல்கலைக்கழக வாசலையே மிதிக்காத ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த இடம் காலியானதே தெரியாமல் போய்விடும்.

வானலை பொதுச் சொத்து. அதைப் பயன்படுத்த அரசின் உரிமம் வேண்டும். ஆகவே, உரிமம் பெற்றவர் எல்லா மக்களுக்கும் கடமைப்பட்டவர் என்ற கருத்து அங்கே வலுப்பெற்றது. அதற்கு வழி திறந்தவர்கள் சாதாரண மக்களே. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரைச் சுற்றி வாழ்ந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் கறுப்பின மக்கள். அங்கிருந்த ஒரு தொலைக்காட்சி நிலையம் அவர்களைப் புறக்கணித்தது என்று 1964-இல் முறையீடு எழுந்தது. பார்க்கின்ற, கேட்கின்ற மக்களுக்கும் வழக்காடும் உரிமை உண்டு என்று 1966-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1969-இல் அந்த நிலையத்துக்கு அளித்த உரிமம் செல்லாது என்றும் தீர்ப்பாயிற்று. பின்னர் 1972-இல் அதே நிலையத்தின் பொது மேலாளராகக் கறுப்பினத்தவரான வில்லியம் டில்டே அமர்ந்தார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் பழமொழியல்லவா?

அதே 1969-இல், நிலையங்கள் வேலைக்கு ஆள் எடுப்பதில் இனப் பாகுபாடு காட்டக்கூடாது என்று கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் விதி செய்தது. பின்னாளில் வேறொரு கேள்வி எழுந்தது. ஊரில் எந்த இனத்தார் எத்தனை பேர், நிலையத்தில் எத்தனை பேர் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயமா? மிசூரி மாநிலத்தில் ஒரு சமயக் கல்லூரி வளாகத்தில் இயங்கிய வானொலியின் வழக்கில், 1998-இல் நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. இனத்தைப் பார்த்து ஆள் எடுக்கும்படி நெருக்கும் விதி செல்லாது என்றது.

அப்படியானால் என்னதான் செய்வது? 2002-இல் வகுத்த விதிகள் வேறு வழியில் சென்றன. யாரை எடுக்கவேண்டும் என்று அவை சொல்லவில்லை. செய்தி யாருக்கெல்லாம் எட்டவேண்டும் என்று சொல்லின.

முதலாவது, முழுநேர வேலை காலியானால் ஊர் முழுவதும் அறியும்படி அறிவிக்கவேண்டும். இரண்டாவது, ‘எங்களுக்கும் தெரிவியுங்கள்’ என்று கேட்டுக்கொண்ட சங்கங்களுக்கெல்லாம் ஒவ்வொரு முறையும் செய்தி அனுப்பவேண்டும். மூன்றாவது, வேலை காலியில்லாத காலத்திலும் மக்களைத் தேடிப் போகவேண்டும். வேலைவாய்ப்புச் சந்தையில் கலந்துகொள்வது, மாணவர்களுக்குப் பயிற்சி இடம் தருவது, பள்ளிகளில் வானொலித் தொழிலை விளக்குவது ஆகியவை இதில் அடங்கும். ஐந்து முதல் பத்து முழுநேர ஊழியர் உள்ள நிலையம் ஈராண்டுக்குள் இத்தகைய பணிகள் இரண்டையாவது செய்யவேண்டும். பெரிய நகரங்களில் பத்துப் பேருக்கு மேல் உள்ள நிலையம் நான்கு செய்யவேண்டும். ஐந்து பேருக்கும் குறைவான நிலையத்துக்கு இந்தச் சுமை இல்லை. ஆனால் பாகுபாடு காட்ட மட்டும் அதற்கும் உரிமை இல்லை.

இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் எழுதி, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். எந்த இடம் காலியாயிற்று, எங்கெங்கே அறிவித்தார்கள், எத்தனை பேரை நேர்முகத்துக்கு அழைத்தார்கள், வேலை பெற்றவர் எந்த வழியாகச் செய்தி அறிந்து வந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இதனால் எல்லார்க்கும் வேலை கிடைத்துவிடுமா? கிடைக்காது. இருப்பது ஓர் இடம் என்றால் ஒருவர்தான் அமரமுடியும். ஆனால் போட்டியில் தோற்பது வேறு. போட்டி நடந்ததே தெரியாமல் போவது வேறு. முன்னதில் பிள்ளை அடுத்த முறைக்குத் தன்னைத் தயார் செய்துகொள்வான். பின்னதில், ‘நமக்கெல்லாம் இது கிடைக்காது’ என்று முயற்சியையே விட்டுவிடுவான்.

நேயர்களே, இந்த விதிகளுள் இரண்டாவதை நாம் மனத்தில் வைப்போம். கேட்டுக்கொண்ட சங்கத்துக்குத்தான் செய்தி வரும். கேட்காத சங்கத்துக்கு வராது. நம் மன்றங்களும் தொழிற்சங்கக் கிளைகளும் ‘உங்களிடம் வேலை காலியானால் எங்களுக்கும் தெரிவியுங்கள்’ என்று அலுவலகங்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன? அதற்கு ஆகும் செலவு ஒரு தபால்தலைதான். அதேபோல், வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் அங்கே ஓர் இடம் காலியானால், அந்தச் செய்தியைத் தம் வீட்டுக்குள் மட்டும் முடித்துவைக்காமல் அண்டை அயலாருக்கும் சொல்லட்டும். கங்காணி காலத்து வழக்கத்தை நம் வீட்டிலேயே தொடரவேண்டாம்.