பொதி சுமப்பது யார்?

நடுவர் பெருந்தகை அவர்களே! எனக்கு முன்னால் பேசிவிட்டுப் பின்னால் வருத்தப்படப் போகிற எதிரணி நண்பர்களே! கடற்காற்றுக்கும் கொசுவுக்கும் அஞ்சாமல் இந்த வெள்ளிக் கடற்கரை மணலில் உட்கார்ந்திருக்கிற தேவனாம்பட்டினத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

"கட்டற்ற மென்பொருள் நமக்குத் தந்தது விடுதலையா? வேதனையா?" இது தலைப்பு. வேதனையே என்று பேச வந்திருக்கிறேன். நானே கேட்டு வாங்கிய அணி இது.

எதிரணித் தலைவி என்ன சொன்னாங்க? லினக்ஸை யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். உண்மைதாம்மா. நான் மறுக்கலை. 1993-ல் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தொடங்கினார். காதலி பெயர் டெப்ரா. அவர் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து 'டெபியன்' என்று வைத்தார். நம்ம ஊரில் லாரிக்குப் பிள்ளைங்க பேரை எழுதற மாதிரி! (சிரிப்பு) 2025-ல் வந்த அதன் 13-ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகள் இருக்கின்றன.

பொதி என்றால் என்ன? ஒரு மென்பொருளை மூட்டை கட்டி, "என்னை இறக்கி வைக்கணும்னா இன்னின்ன சாமான் முன்னாடியே வேணும்" என்று சீட்டு ஒட்டி வைப்பது. ஆங்கிலத்தில் பேக்கேஜ். தமிழில் பொதி என்று மொழிபெயர்த்த புண்ணியவான் யாரோ, அனுபவித்துத்தான் வைத்திருக்கிறார். பொதி என்றாலே சுமக்கிற ஜீவன்தானே ஞாபகம் வருது! (கைதட்டல்)

அந்தச் சீட்டில்தான் வினை. உங்க ஊர்க் கதையையே சொல்றேன். அதோ, புனித டேவிட் கோட்டை. 1690-ல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பத்திரத்தில் என்ன நிபந்தனை? கோட்டையோடு, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி. வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா? நல்ல பீரங்கியாப் பார்த்து நாலு திசையும் சுட்டான். குண்டு விழுந்த இடமெல்லாம் அவனுக்கு. கடலூரே உள்ளே போயிடுச்சு. 'குண்டு உப்பலவாடி' என்று இன்றைக்கும் ஊர்ப் பெயரிலேயே குண்டு உட்கார்ந்திருக்கு. கேட்டது ஒரு கோட்டை. போனது எத்தனை கிராமம்!

லினக்ஸில் ஒரு சின்ன மென்பொருள் கேட்டுப் பாருங்க. அது ஒரு குண்டு போடும். "இதற்கு இன்னும் 83 பொதிகள் தேவை. சம்மதமா?"

சரி, 83-ம் வந்தாவது சேருமா? கல்யாண வீட்டுப் பந்தியை நினைச்சுக்குங்க. "அந்த மாமா உட்கார்ந்தா இந்த மாமா எழுந்துடுவார்." ஒரு மென்பொருளுக்குப் பழைய பதிப்பு வேண்டும், இன்னொன்றுக்கு அதிலேயே புதிய பதிப்பு வேண்டும். ரெண்டும் ஒரே இலையில் சாப்பிடாது. அப்போது திரையில் ஒரு வாசகம் வரும் பாருங்க: சிக்கலைத் தீர்க்க முடியவில்லை, உடைந்த பொதிகளை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள்! நானா? நான் எங்கேப்பா பிடிச்சேன்? அனுப்பினது நீ, உடைச்சது நீ, பிடிச்சது மட்டும் நானா? (நீண்ட சிரிப்பு)

படித்தவருக்கு இது வராது என்பார்கள். 2021 நவம்பரில் உலகமே பார்த்தது. லைனஸ் செபாஸ்டியன், கனடாக்காரர். கணினியைப் பற்றி யூடியூபில் பேசியே பேர் வாங்கியவர். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளைப் போடப் போனார். பொதிகளுக்குள் பதிப்புத் தகராறு. "இதையெல்லாம் நீக்கப் போகிறேன், சரி என்றால் 'ஆமாம், நான் சொன்னபடி செய்' என்று தட்டச்சு செய்" என்றது. வரிவரியாக ஓடுகிற பட்டியலில் எது முக்கியம் என்று யாருக்குத் தெரியும்? தட்டினார். திரை முகப்பே போயிடுச்சு! சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கொடுத்தால் சட்டையையே கிழித்துக் கொடுத்த தையற்காரன் மாதிரி. லினக்ஸை உருவாக்கியவர் பெயரும் லைனஸ். பெயர்ப் பொருத்தம் பத்துக்குப் பத்து, குடித்தனம்தான் நடக்கலை!

"எச்சரிக்கை கொடுத்ததே" என்கிறார்கள் எதிரணியில். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்தத் தடுப்பை இன்னும் இறுக்கினார்களே, ஏன்? எச்சரிக்கை போதவில்லை என்பதால்தானே!

இன்னொன்று. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. பாஸ் நம் நாட்டு சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது. பெருமைதான். ஆனால் பொதிகளின் கிடங்கு இருப்பது இணையத்தில். மடிக்கணினிக்கு விலையில்லை, இணையத்துக்கு உண்டே!

என்னிடம் முதுகலை படிக்கும் ஒரு பிள்ளை. அம்மா மீன் விற்கிறவங்க. பழைய கணினி, அதில் லினக்ஸ். அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்தால் எழுத்தாக மாற்றித் தரும் டெசராக்ட் என்ற மென்பொருளையும் அதற்கான தமிழ்ப் பொதியையும் போடணும். திங்கட்கிழமை ஆய்வேடு ஒப்படைக்கணும். சனிக்கிழமை ராத்திரி தொடங்கினாள். "முதலில் எல்லாவற்றையும் புதுப்பி" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் புதுப்பிக்கப் போனாள். கைப்பேசியில் இருந்த அன்றைய டேட்டா பாதியில் தீர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட்டும் போனது. பேட்டரி கிழடு. அணைந்துவிட்டது. திரும்பப் போட்டால், "வேலை நடுவில் நின்றுவிட்டது, நீயே கைப்பட சரிசெய்" என்கிறது. ஆங்கிலத்தில்!

ஞாயிறு காலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிச் சிதம்பரம் போனாள். அங்கே பொறியியல் படிக்கிற ஒரு பையன். ஒரே ஒரு வரி தட்டினானாம். பத்து நிமிஷத்தில் சரி.

இப்போ சொல்லுங்க, அந்தப் பொதிக்கு உண்மையில் எது தேவை? சீட்டில் 83 பெயர் எழுதினீர்களே, 84-வதாகச் சிதம்பரத்துப் பையனை எழுதினீர்களா? அவன் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன பண்ணும்? கடைக்காரரிடம் போகும். அவர் திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுப்பார். விடுதலை வாசலோடு போயிடும்.

நேரமாச்சுன்னு நடுவர் மணியைப் பார்க்கிறார். அந்தப் பிள்ளை ராத்திரி முழுக்க உட்கார்ந்து, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வேட்டைக் கொண்டு வந்து கொடுத்தாள். இன்றைக்கும் லினக்ஸ்தான் வைத்திருக்கிறாள். அதை எதிரணிக்குச் சாதகமாகவே எழுதிக்கொள்ளுங்கள். அதோ மூன்றாவது வரிசையில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தீர்ப்புச் சொல்லும்போது நடுவர் அவர்கள் அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)