மீண்டும் ஏடு தொடக்குவோம்

(விஜயதசமியன்று நமது சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



நவராத்திரியின் நிறைவிலே நூல்களையும் இசைக் கருவிகளையும் கலைமகள் திருமுன் வைத்து வணங்கினோம். வைத்தவற்றை இன்று மீண்டும் கையில் எடுத்தோம். ஓரிரு நாளில் எடுப்பது எளிது. சில வருடங்கள் சென்றபின் எடுப்பதோ அரிது. அதுபற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

உயர்தரப் பரீட்சையை முன்னிட்டு யான் வீணையை உறையிலிட்டு வைத்தேன். இரண்டு வருடங்களின் பின் எடுத்தபோது, விரல் நுனியிற் காய்த்திருந்த தோல் மென்மையாகிவிட்டிருந்தது; தந்தி விரலை அறுத்தது. அதனினும் வருத்தியது என் காது. முன்பு பிழையென்று தோன்றாத இடமெல்லாம் இப்பொழுது பிழையாக ஒலித்தது. "உனக்கு இது வாராது, முன்பு வந்ததும் பொய்" என்றது மனம்.

பின்னர்தான் ஓர் உண்மை புலப்பட்டது. இடைவெளியிலே கை தளர்கின்றது. காதோ பிறர் வாசிப்பைக் கேட்டுக் கேட்டு வளர்கின்றது. வளர்ந்த காது தளர்ந்த கையைக் கண்டு நாணுகின்றது. அந்த நாணத்தையே திறமையின்மை என்று எண்ணி மயங்குகின்றோம்.

பெரும் வித்துவான்களும் இம்மயக்கத்துக்குத் தப்பியவரல்லர். ருஷிய தேசத்து இசைப் புலவர் ரக்மானினொவ் என்பார் தமது முதலாவது சிம்பொனியை 1897 இல் அரங்கேற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது 23. அரங்கேற்றம் படுதோல்வியுற்றது, விமரிசகர் கடுமையாகத் தாக்கினர். ஏறக்குறைய மூன்று வருடங்கள் அவர் பெரிய படைப்பு எதனையும் ஆக்க இயலாதிருந்தார். 1900 இல் டால் என்னும் வைத்தியரிடம் சென்றார். அவ்வைத்தியரும் இசையன்பர். நாள்தோறும் தைரியமூட்டும் மொழிகளைக் கூறி அவர் மனத்தைத் தேற்றினார். அதன்பின் பிறந்ததே உலகப் புகழ்பெற்ற இரண்டாவது பியானோ கொன்சேட்டோ. அதனை அவர் அவ்வைத்தியருக்கே சமர்ப்பணஞ் செய்தார்.

இவ்வரலாற்றிலே நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, மௌனமாயிருந்த காலத்திலும் அவர் இசையை விட்டு நீங்கவில்லை. மொஸ்கோவிலே ஒரு நாடகக் குழுவின் வாத்தியக்காரரை நடத்திவந்தார். இரண்டாவது, அக்கொன்சேட்டோவின் இரண்டாம் மூன்றாம் பகுதிகளே முதலில் ஆகி, 1900 இலேயே அரங்கேறின. முதற்பகுதி பின்னர் எழுந்து, 1901 இல் முழுமை பெற்றது. ஆதலின், தொடக்கம் வரவில்லையே என்று காத்திராது, வருகின்ற இடத்திலே தொடங்கலாம். மூன்றாவது, தோற்றதென்று ஒதுக்கப்பட்ட அந்தச் சிம்பொனியை அவர் தம் வாழ்நாளில் மீண்டும் கேட்கவில்லை. அவர் 1943 இல் மறைந்தார். 1945 இல் அது மொஸ்கோவில் மறுபடி இசைக்கப்பட்டுப் பாராட்டுப் பெற்றது. ஆகவே, ஒருநாள் தீர்ப்பை இறுதித் தீர்ப்பென்று கொள்ளற்க.

அன்பர்களே, இன்று காலை சிறுவர் பலர் ஏடு தொடக்கினர். அரிசியிலே எழுதிய அகரம் கோணலாகவே வந்தது, எவரும் நகைக்கவில்லை. சிறுவிரலைப் பற்றி எழுதுவிக்கப் பெரியவர் ஒருவர் அருகிருந்தார். மீண்டும் தொடங்குவோருக்கும் அத்தகைய ஒரு கை வேண்டும். பெரியோர்களே, அக்கையைத் தாருங்கள். பெட்டிக்குள்ளே பாதிக் கவிதையும் முடியாத சித்திரமும் வைத்திருக்கும் வாலிபர்களே, அவற்றை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

யானும் வீணையோடு வருவேன். பிழையின்றி வாசிப்பேன் என்று வாக்களிக்க இயலாது. வாசிப்பேன் என்பது உறுதி.