பெற்றார் ஆசிரியர் சங்கமும் தலைமையின் ஒழுக்கமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



மன்றச் செயலாளர் எம்மிடம் வந்து, "ஆண்டுதோறும் சமயத்தைப் பற்றியே பேசுகிறார்கள், இம்முறை ஊருக்குப் பயன்படும் விடயம் ஒன்றைப் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். சமயம் ஊருக்குப் பயன்படாது என்பது அவர் கருத்தன்று. பெரியோர்கள் அவரைக் கோபியாதிருக்கும்படி கேட்டுக்கொண்டே தொடங்குகிறோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் பெற்றார் ஆசிரியர் சங்கம். இளைஞர் மன்றத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இங்கே முன்வரிசையில் இருப்பவர்களிற் பலர் இன்னுஞ் சில ஆண்டுகளிற் பிள்ளையை முதலாம் வகுப்பிற் சேர்க்கப் போகிறவர்கள். சேர்த்தவுடன் கூட்ட அறிவித்தல் வரும். கூட்டத்துக்குப் போனாற் பதவி வரும்; ஏனெனிற் போகிறவர் சிலரே.

ஊரவர் பாடசாலையைத் தாங்குவது நமது நாட்டிற் பழைய வழக்கம். 1848ஆம் ஆண்டில் நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அதைத் தாங்கியவர்கள் சைவ மக்களே. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் ஊர் ஊராகப் பாடசாலைகளை நடத்தியது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. முகாமையாளர் போனார். ஆயினும் ஒழுகுகிற கூரையும் தூர்ந்த கிணறும் பெரும்பாலும் ஊரவர் தலையிலேயே நின்றன. இன்று அரசாங்கப் பாடசாலைகளிற் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்ற பெயரில், அதிபரைத் தலைவராகக் கொண்டு இயங்குவது இந்தப் பொறுப்பின் மிச்சமே.

அமெரிக்காவில் இத்தகைய இயக்கத்தை 1897இல் வாஷிங்டன் நகரிலே தொடங்கியவர்கள் அலிஸ் பேர்ணி, பீபி ஹேர்ஸ்ட் என்னும் இரு பெண்மணிகள். அவர்கள் கூட்டியது தாய்மார் மகாசபை. நமது கூட்டங்களிலோ தாய்மார் பின்வாங்குகளில் இருக்க, முன்கதிரைகளில் நாம் இருக்கிறோம். அதைப் பற்றி இன்று அதிகம் பேசாது விடுகிறோம்.

இனி நாம் சம்பந்தப்பட்ட ஒரு விடயம். அதைச் சொல்வதற்காகவே இப்பொருளை எடுத்தோம்.

2012ஆம் ஆண்டில் நாம் ஒரு கிராமத்துப் பாடசாலையின் சங்கச் செயற்குழுவில் இருந்தோம். போர் முடிந்து, சிதறிய குடும்பங்கள் ஒவ்வொன்றாக மீண்டு வந்துகொண்டிருந்த காலம். மண்டபக் கூரைக்காகக் குடும்பத்துக்கு 500 ரூபா சேர்ப்பதென்று தீர்மானித்தோம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. (ஏகமனதான தீர்மானங்களைக் கண்டால் எமக்கு இப்பொழுது சற்றுப் பயம்.) வந்திருந்தவர்கள் 500 ரூபா கொடுக்கக்கூடியவர்கள். கொடுக்க இயலாதவர்கள் அந்நேரம் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்தவர்கள் நாங்களே.

மூன்று மாதமாகியும் பாதிப்பேர் கொடுக்கவில்லை. கொடாதவர்களின் பிள்ளைகளுடைய பெயர்களைக் காலைப் பிரார்த்தனை முடிந்தபின் வாசித்தாற் பணம் தானாக வரும் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பட்டியலை எழுதியவர் வேறெவருமல்லர், நாமே. எமது கையெழுத்து அழகாயிருக்குமாம்.

பணம் வந்தது. ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி மட்டும் வராமல் நின்றுவிட்டாள். மூன்றாம் கிழமை நாம் அவள் வீட்டுக்குப் போனோம். தாயார் முற்றத்தில் இருந்து கடகம் இழைத்துக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் பாய் விரித்தார். தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "பிள்ளை வெட்கப்படுறாள் ஐயா. கடகம் வித்துப்போட்டுக் காசைக் கொண்டுவந்து தாறன், பேரை மட்டும் வாசியாதேங்கோ" என்றார். அவர் ஏசியிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை நீக்கினோம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்கு மாற்றினோம். இயன்றவர் இயன்றதைக் கொடுப்பதென்றும், கொடுத்தவர் பெயரையோ கொடாதவர் பெயரையோ பிள்ளைகள் முன்னிலையில் வாசிப்பதில்லையென்றும் எழுதி வைத்தோம். பிள்ளை திரும்பி வந்தாள். ஆனால் அவள் இழந்த தவணைப் பரீட்சை இழந்ததே.

அன்பர்களே, அந்தச் செயற்குழுவில் ஒருவராவது ஒரு சதம் எடுத்தவரல்லர். ஊர் மதிப்பில் எல்லாரும் யோக்கியர்கள். நாங்களும் அப்படியே நினைத்திருந்தோம். தலைமையின் ஒழுக்கம் களவு செய்யாமையோடு முடிந்துவிடுகிறது என்று எண்ணியதே எங்கள் பிழை. எந்தப் பிள்ளைக்காகச் சங்கம் உண்டாயிற்றோ அந்தப் பிள்ளையையே சங்கத்தின் வேலைக்குப் பலியாக்கினோம். கூரை நல்ல கூரை என்பது அதற்குச் சமாதானமாகாது.

பணத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். நாம் அறிந்த ஒரு பொருளாளர் கடை வைத்திருந்தவர்; உத்தமர். சங்கப் பணத்தைக் கடை இலாச்சியில் ஒரு பக்கத்தில் வைத்திருப்பார். எவருக்கு எப்பொழுது தேவையானாலும் உடனே கிடைக்கும் என்று நாங்கள் மெச்சினோம். அவர் திடீரென்று காலமானார். இலாச்சியில் எது கடைப்பணம், எது சங்கப்பணம்? மகன் தன் கையிலிருந்து, கொடுக்கவேண்டியதற்கு அதிகமாகவே கொடுத்தான் என்பது எமது எண்ணம். அப்படியிருந்தும் ஊரவர் வாயை மூட முடியவில்லை. ஆகவே பற்றுச்சீட்டு எழுதுவதும், பணத்தை வங்கியிற் போட்டு இருவர் கையொப்பமிட்டு எடுப்பதும் கள்வனைப் பிடிப்பதற்கு மாத்திரமல்ல. அந்த உத்தமருடைய பெயரை அவர் போனபின்பு காத்திருக்கக் கூடியது அதுவொன்றே. கணக்குக் கேட்பவனைப் பகைவனாக எண்ணும் பொருளாளர் தமக்கே தீங்கு தேடுகிறார்.

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் அனுப்பும் பணத்தில் இது இன்னும் அவசியம். ரொறன்ரோவிற் பனியில் வேலைக்குப் போய் உழைத்தவன் அனுப்புகிறான். அது மச்சான் ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு வந்து, அவர் கையாற் பாடசாலைக்குப் போகுமானால், மச்சான் எவ்வளவு நல்லவரானாலும் அது முறையன்று. சங்கத்தின் கணக்குக்கே வரட்டும். கொடுத்தவர் கல்லிற் பெயர் பொறிக்கக் கேட்டாற் பொறிக்கலாம்; ஆசிரியர் நியமனத்திலும் மாணவர் அனுமதியிலும் ஒரு சொல் கேட்டால் மறுத்துவிட வேண்டும். அனுமதிக்காக நன்கொடை கேட்பது சட்டத்துக்கும் மாறு. அதனால் அதிபர்கள் சிலர் கைதானதைப் பத்திரிகைகளிற் படித்திருக்கிறோம். 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டத்தின் இடத்தில் 2023இல் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்திருக்கிறது. சங்கத்தின் பற்றுச்சீட்டைக் கொடுத்துவிட்டால் அது நன்கொடையாகிவிடும் என்று எண்ணுவது பேதைமை.

கொந்திராத்துக் கொடுக்கும்போது உறவினர் வருவார். கிராமத்தில் வராமல் எப்படி? மேசன் எல்லாம் ஒருவருக்கொருவர் சொந்தம். உறவினர் விலை கூறுவது குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம். "அவர் என் மைத்துனர்" என்று கூட்டத்திற் சொல்லி, அதனைக் கூட்டக் குறிப்பில் எழுதுவித்து, முடிவெடுக்கும்வரை வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பவரை நாம் கண்டிருக்கிறோம். உள்ளேயிருந்தவர்கள் மைத்துனருக்கே வேலையைக் கொடுத்தார்கள். அவர் விலை குறைவாயிருந்தது. அதன்பின் எவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கு நாடகத்திலே கதாநாயகன் வேடமும் பரிசளிப்பு விழாவில் முன்னிடமும் கிடைப்பதை ஆசிரியர்கள் எமக்குச் செய்யும் மரியாதையென்று எண்ணி மகிழாதிருப்பதும் கடினமான விரதந்தான். நாம் அதிற் சில முறை தவறியிருக்கிறோம்.

பதவியை விடுவதும் அப்படியே. இளையபிள்ளை பாடசாலையை விட்டு ஐந்து வருடமானபின்பும் தலைமைக் கதிரையை விடாதவர்கள் உண்டு. "வேறு ஆளில்லை" என்பார்கள். ஆள் இருப்பது கதிரை வெறுமையான பிறகே தெரியவரும்.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் கூட்டக் குறிப்பையும் செயற்குழுவின் அனுமதியோடு இன்று கொண்டுவந்திருக்கிறோம். பின்புற மேசையில் இருக்கின்றன. இளைஞர்கள் தேநீர் வேளையில் வந்து புரட்டிப் பார்க்கலாம். எங்கே பிழையிருக்கிறதென்று காட்டினால் நன்றியுடன் குறித்துக்கொள்வோம்.