முடிவு அன்றைக்கே தெரிய வேண்டும்



கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வந்து தாக்குகிற நோய் இல்லை. முதல் மாற்றம் தொடங்கி அது புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் கண்டுபிடித்துவிட்டால் சிறிய சிகிச்சையே போதும். இருந்தும் 2022இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் மூன்றரை லட்சம் பெண்கள் இந்த நோயால் இறந்துபோனார்கள். இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். இவ்வளவு அவகாசம் தருகிற ஒரு நோயிடம் ஏன் இத்தனை பேரைப் பறிகொடுக்கிறோம்?

பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் முக்கியமான காரணம். ஒரு பெண் முதல் பரிசோதனைக்கு வருகிறார். சில வாரங்கள் கழித்து, "சந்தேகமாக இருக்கிறது, பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்" என்று தகவல் வருகிறது. அங்கே போனால் சிறிது சதையை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த முடிவுக்கு மறுபடி காத்திருக்க வேண்டும். சிகிச்சைக்கு மறுபடி ஒரு பயணம். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஏதோ ஒரு கட்டத்தில் அவர் வராமல் நின்றுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தூரத்தை ஒளியால் குறைக்க முடியுமா என்று பல ஆண்டுகளாக உழைத்துவருகிறார் ஒரு பொறியியல் பேராசிரியர். பெயர் ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் இருக்கும் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகிறார். நெப்ராஸ்காவில் இயற்பியலும் கணிதமும் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1990இல் மருத்துவ இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அதன்பின் 15 ஆண்டுகள் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 2005இல் ரைஸுக்கு வந்தார். 2016இல் மெக்ஆர்தர் நிதியம் அவருக்குத் தன் உயரிய நல்கையை வழங்கியது.

அவருடைய ஆராய்ச்சியின் அடிப்படை இதுதான். உடலின் திசு மீது ஒளி பட்டால், கொஞ்சம் உறிஞ்சப்படும், கொஞ்சம் சிதறும். சில பொருள்கள் அந்த ஒளியை வாங்கிக்கொண்டு வேறு நிறத்தில் தாமே ஒளிரும். திசுவைத் தாங்கி நிற்கும் கொலாஜன் அப்படிப்பட்ட ஒன்று. புற்றுநோய்க்கு முந்தைய கட்டத்தில் இந்த ஒளிர்வு மங்குகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டைக் கருவியால் அளக்க முடியும். ஆஸ்டினில் இருந்தபோதே இதைக் கருப்பை வாய்த் திசுவில் அளக்கத் தொடங்கினார்.

பிறகு அவர் குழு உருவாக்கிய கருவியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் இழை. அதற்குள் முடியை விட மெல்லிய ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகள் கட்டாக இருக்கின்றன. திசுவின் மேல் முதலில் புரோஃபிளேவின் என்ற மஞ்சள் சாயத்தைத் தடவுகிறார்கள். அது பழைய கிருமிநாசினி. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் தடவும் சாயக் கலவை ஒன்றில் சேர்ந்திருப்பது. அந்தச் சாயம் செல்லின் உட்கருவில் போய் ஒட்டிக்கொள்ளும். இழையின் முனையைத் திசுவில் மெல்ல வைத்து, எல்.இ.டி. விளக்கின் நீல ஒளியைச் செலுத்தினால், உட்கருக்கள் பச்சையாக ஒளிரும். அந்த ஒளி அதே இழை வழியாகத் திரும்பி வந்து திரையில் படமாகிறது. நலமான திசுவில் உட்கருக்கள் சிறியனவாக, ஒழுங்கான இடைவெளியில், வாசலில் வைத்த கோலப் புள்ளிகள் போலத் தெரியும். நோய் தொடங்கிய இடத்தில் அவை பெருத்து, நெருக்கியடித்துக்கொண்டு, வரிசை குலைந்து கிடக்கும். சதையை வெட்டி எடுக்காமல், ஆய்வகத்துக்கு அனுப்பாமல், அந்தப் பெண் படுத்திருக்கும்போதே இதைப் பார்த்துவிடலாம்.

இதைப் பிரேசிலில் சோதித்தார்கள். சாவ் பாவ்லோ மாநிலத்தில் பரேட்டோஸ் என்ற ஊரில் பெரிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதனுடன் சேர்ந்து, இந்தக் கருவி பொருத்திய ஒரு வேனை ஊர்களுக்கே அனுப்பினார்கள். முதல் பரிசோதனையில் சந்தேகம் எழுந்த 200 பெண்களில் சிலரை வேனுக்கும், மற்றவர்களை மருத்துவமனைக்கும் வரச் சொன்னார்கள். மருத்துவமனைக்கு வரச் சொன்னவர்களில் 64 சதவீதம் பேர்தான் அடுத்த கட்டப் பரிசோதனையை முடித்தார்கள். வேனுக்கு வரச் சொன்னவர்களில் 87 சதவீதம் பேர் முடித்தார்கள். இந்த ஆய்வு 2018இல் வெளியானது. கருவியின் நுட்பத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பெண்கள்தான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அமிலத்தை, கருப்பை வாயில் தடவினால் மாற்றம் கண்ட பகுதி வெளுத்துக் காட்டும். இதுவும் ஒளிச் சிதறல்தான். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இந்த முறையில் பரிசோதனை செய்தார்கள். மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2007இல் லான்செட் இதழில் வந்தது. பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்த நோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. மகத்தான வேலை அது. ஆனால் வெளுத்துத் தெரிவதெல்லாம் ஆபத்தானதல்ல. சாதாரண அழற்சியிலும் வெளுக்கும். வெளுத்த இடத்தில் எது உண்மையில் சிகிச்சை வேண்டுவது என்று அங்கேயே பிரித்தறிய ரைஸ் குழுவின் இழை போன்ற கருவிகள் உதவும்.

இனி அவருடைய வகுப்பறைக்கு வருவோம். அவரும் சக பேராசிரியர் மரியா ஓடனும் இளநிலை மாணவர்களுக்காக ஒரு பாடத்திட்டத்தை உருவாக்கினார்கள். அதில் தேர்வுக்கான கணக்குகளோடு, ஆப்பிரிக்க மருத்துவமனைகளிலிருந்து வரும் உண்மையான தேவைகளும் மாணவர் கைக்கு வருகின்றன. பல்கலைக்கழகத்தின் பழைய சமையற்கூடத்தைப் பட்டறையாக மாற்றியிருக்கிறார்கள். மாணவர்கள் வடிவமைத்ததைக் கோடை விடுமுறையில் எடுத்துக்கொண்டு மலாவிக்குப் போகிறார்கள். அங்கே மின்சாரம் அடிக்கடி போகும், தூசி படியும், மாற்று பாகம் கிடைக்காது. செவிலியர் சொல்லும் குறைகளைக் குறித்துக்கொண்டு திரும்பிவந்து மறுபடி செய்கிறார்கள்.

இப்படி வந்ததுதான் மூச்சுத் திணறும் பச்சிளங்குழந்தைகளுக்கான பூமானி என்ற கருவி. மாணவர்கள் செய்த முதல் மாதிரியில் காற்றைத் தள்ளியவை மீன் தொட்டியில் வைக்கும் பம்புகள். மலாவியில் பிளான்டயர் நகரின் குயீன் எலிசபெத் மருத்துவமனையில் நடந்த ஆய்வில், ஆக்ஸிஜன் மட்டும் பெற்ற குழந்தைகளில் 44 சதவீதம் பேர் பிழைத்தார்கள். இந்தக் கருவியில் வைத்தவர்களில் 71 சதவீதம் பேர் பிழைத்தார்கள்.

அது ஒளியியல் அல்ல, காற்றின் வேலை. பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்காக ரைஸில் உருவான இன்னொரு கருவிதான் ஒளியியல். குழந்தையின் ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் மிகையானால் மூளை பாதிக்கப்படலாம். மாநிறமும் கறுப்புமான தோலில் மஞ்சள் நிறத்தைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். ஆய்வகத்தில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து அளக்க வேண்டும். பல மருத்துவமனைகளில் அந்த வசதி இருப்பதில்லை. ரைஸ் குழு செய்த பிலிஸ்பெக் என்ற சிறு கருவிக்கு ஓரிரு சொட்டு ரத்தம் போதும். அதைக் காகிதப் பட்டையில் விட்டால் சிவப்பணுக்கள் தங்கிவிட, மஞ்சள் நீர் மட்டும் நகர்ந்து செல்லும். கருவி அதன் வழியே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்து, பிலிருபின் அளவைச் சொல்லிவிடும். காமாலைக்கான சிகிச்சையும் நீல ஒளிதான்: அது தோலுக்கடியில் உள்ள பிலிருபினை உடல் வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. எந்தக் குழந்தையை உடனே அந்த விளக்கின் கீழ் வைக்க வேண்டும் என்பது அளந்தால்தான் தெரியும்.

ஆராய்ச்சியையும் கற்பித்தலையும் தனித்தனி வேலையாக எண்ணும் பேராசிரியர்கள் எங்கும் உண்டு. இந்தப் பேராசிரியர் அப்படிப் பிரிக்கவில்லை. பயன்படுத்துகிறவர் யார், எந்த ஊரில், எத்தனை மணி நேரம் மின்சாரத்தோடு என்று முதல் நாளே மாணவரைக் கேட்க வைப்பது எந்தப் பாடநூலையும் விட ஆழமான கல்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பயணம் இப்போது ஹூஸ்டனிலிருந்து மட்டும் தொடங்குவதில்லை. பிளான்டயரிலேயே, பொறியியல் கற்பிக்கும் பல்கலைக்கழகத்தில், ரைஸுடன் கூட்டுசேர்ந்து ஒரு வடிவமைப்புக் கூடம் இயங்குகிறது. மலாவி மாணவர்கள் தங்கள் ஊர் மருத்துவமனையின் தேவையைத் தாங்களே கேட்டறிந்து, அதற்கான கருவியை அங்கேயே உருவாக்கிப் பார்க்கிறார்கள்.