சிறு நிலமும் செடி வாணிகமும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



இக்கழகம் தொடங்கிய நாளில் நம் தெருவில் இருந்த பட்டதாரிகளை ஒரு கை விரல்களில் எண்ணினோம். இன்று பட்டதாரி இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இது பெருமைப்படத் தக்கது. ஆயினும் பட்டம் பெற்றுத் தேர்வுகள் எழுதி, முடிவுக்குக் காத்திருந்து, வயது வரம்பும் கடந்து நிற்கும் பிள்ளைகள் இந்த மன்றத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை எண்ணியே தோட்டக்கலை என்னும் பொருளை இன்று எடுத்துக்கொண்டோம். நாற்றங்கால் வைத்துக் கன்று விற்பதும், சிறு நிலத்தில் காயும் பூவும் விளைவிப்பதும், வீடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் தோட்டம் அமைத்துக் கொடுப்பதும் இத்தொழிலில் அடங்கும்.

பொருளைச் சொன்னவுடனே சில முகங்கள் சுருங்குவதைக் காண்கிறோம். "மண்ணைவிட்டு வெளியேறத்தானே படித்தோம்? மறுபடியும் மண்வெட்டியா?" என்று அம்முகங்கள் கேட்கின்றன. அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறாமல் மேலே செல்வது முறையன்று.

மண் நமக்குச் செய்தது என்ன?

எம் தந்தையார் ஒரு பெரிய மாந்தோப்பில் பண்ணையாளாக இருந்தார். ஒட்டுக் கட்டும் பருவம் வந்தால் தோப்புக்காரர் வேறு எவரையும் கத்தியைத் தொட விடமாட்டார். அவர் கட்டிய கன்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைக்கும் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பேச்சு. கன்று என்ன விலைக்குப் போயிற்று என்பது அவருக்குத் தெரியாது; அன்றைய கூலி எவ்வளவு என்பது மட்டுமே தெரியும். ஒருமுறை அத்தோப்பின் கன்றுகளுக்குக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. மேடையேறிக் கோப்பை வாங்கியவர் ஒட்டுக்கத்தியைப் பிடித்தறியாதவர். அக்கோப்பையைச் சுமந்து சென்று வண்டியில் வைத்தவர் எம் தந்தையார்.

நாம் படித்த பள்ளியிலும் ஒரு தோட்டம் இருந்தது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற நம் தெருப் பிள்ளைகளையே அனுப்புவர். குடத்தில் நீர் சுமந்து நூறு செடிக்கு ஊற்றலாம்; ஆனால் குடிநீர்ப் பானையில் அதே கை படலாகாது. வேறொரு மாணவன் மேலிருந்து ஊற்ற, கையேந்தியே குடித்தோம். இவற்றை மறந்துவிட்டு "உழவே உயர்ந்தது" என்று உங்களுக்கு உபதேசம் செய்ய நாம் இங்கு வரவில்லை.

1953-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் பள்ளியில் படித்துவிட்டு, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி மக்கள் அதனை எதிர்த்தனர். 1954-இல் அது கைவிடப்பட்டது. தந்தை சுமந்த மண்வெட்டியையே மகனும் சுமக்கட்டும் என்னும் ஏற்பாட்டை நாம் என்றும் ஏற்கமாட்டோம். மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆட்சியராகவும் வரக்கூடிய பிள்ளைகள் அவ்வழியே செல்லட்டும். கழகம் முதலில் அவர்களுக்கே துணை நிற்க வேண்டும்.

நாம் சொல்ல வந்தது வேறு. எம் தந்தையாரின் கையில் இருந்தது உயர்ந்த தொழில்நுட்பம். அவரிடம் இல்லாதவை மூன்று: நிலம், கணக்கு, தம் பெயரில் விற்கும் உரிமை. கணக்கைக் கல்வி தந்துவிட்டது. மற்ற இரண்டையும் பெற முடியுமானால், அதே தொழில் கூலி வேலையாக இராமல் வாணிகமாகிவிடும்.

நிலத்தின் கதை

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர், நம் மக்களின் நிலையைப் பற்றி 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. அதனையே பஞ்சமி நிலம் என்கிறோம். முதல் பத்தாண்டுகள் அதனை விற்கலாகாது. பின்னரும் நம் மக்களுக்கே அன்றிப் பிறருக்குக் கைமாற்றலாகாது என்பது நிபந்தனை. நிபந்தனை ஏட்டில் இருந்தது, நிலமோ கைமாறியது. கடனுக்காகவும் மிரட்டலுக்காகவும், எழுத்தறியாமையாலும் போன நிலம் எத்தனையோ. அதனை மீட்கக் கேட்டு 1994-இல் செங்கற்பட்டுப் பகுதியின் காரணையில் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தவர்களை இவ்வேளையில் வணங்குகிறோம்.

ஆதலால் இளைஞர்களுக்கு முதல் வேண்டுகோள் இது. உங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். எந்தப் புல எண் எவர் பெயரில் நிற்கிறது என்று எழுதிக் கொள்ளுங்கள். படித்த பிள்ளை இருந்தும் பதிவேட்டைப் படிக்காத தெருவாக நம் தெரு இருத்தலாகாது.

மீட்பு வழக்குகள் முடியும்வரை என்ன செய்வது? அண்ணல் அம்பேத்கர் 1918-இல் இந்தியாவின் சிறு நில உடைமைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு பண்ணை இலாபம் தருமா என்பதை ஏக்கர்க் கணக்கால் மட்டும் முடிவு செய்யலாகாது. நிலத்திற்கு ஏற்ற அளவில் மூலதனமும் உழைப்பும் கருவிகளும் பொருந்துகின்றனவா என்றே பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். நிலத்தை நம்பியிருப்போர் தொகை குறைந்து தொழில்கள் பெருக வேண்டும் என்பதே அவர் கண்ட தீர்வு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாற்றங்கால் இவ்விரு கருத்துக்கும் பொருந்தும். அது நிலத்தில் நடக்கும் தொழிலாயினும் நிலத்தின் பரப்பை நம்பி நிற்பதன்று.

பத்து சென்டின் கணக்கு

பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. அதில் நெல் விளைத்தால் ஒரு போகத்திற்கு மூன்று மூட்டை கிடைத்தாலே மிகுதி. அதே இடத்தில் பாதியைப் பாதைக்கும் தொட்டிக்கும் கொட்டகைக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியில் பாலிதீன் பைகளை அடுக்குவோம். ஒரு பைக்கு நான்கு அங்குலச் சதுரம் என்றால் சதுர அடிக்கு ஒன்பது பை. ஏறத்தாழ 19,000 பைகள் நிற்கும். பட்டுப் போனதும் விற்காமல் நின்றதும் சரிபாதி என்றே கொள்வோம். மீதி 9,500 கன்றுகளில், எல்லாச் செலவும் போக ஒன்றுக்கு 5 ரூபாய் நின்றாலும் 47,500 ரூபாய். இது எடுத்துக்காட்டுக்குப் போட்ட கணக்கே. உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். கையகல நிலமும் கணக்கில் வரும் என்பதே இதன் பொருள்.

ஆந்திராவில் இராஜமுந்திரிக்கு அருகே கடியம் என்னும் பகுதி இருக்கிறது. சாலையின் இருமருங்கிலும் சிறியதும் பெரியதுமாக நாற்றங்கால்களே காணப்படும். நம் ஊர் நாற்றங்கால்களில் விற்கும் செடிகளிலும் பல அங்கிருந்து லாரியில் வருகின்றன. அங்கே கற்றுச் செய்வதை இங்கே நாம் செய்தல் அரிதன்று.

ஒட்டுக் கட்டும் முறை

கையிலுள்ள கலையைச் சற்று விளக்கிச் சொல்லுவோம். மாங்கொட்டை விரைவில் முளைப்புத் திறனை இழக்கும். ஆதலால் பழம் தின்ற சில நாட்களிலேயே ஊன்ற வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து பையில் நிரப்புதல் வழக்கம். முளைத்து வளர்ந்த வேர்ச்செடியின் மேல் நற்சாதித் தாய்மரத்தின் குச்சியை இணைப்பதே ஒட்டு.

குச்சியை எடுக்க ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்னரே, காம்பை விட்டுவிட்டு இலைகளை நறுக்கிவிட வேண்டும். நுனி மொட்டு பருத்ததும் குச்சியை வெட்டி, அடியை ஆப்புப்போல் இருபுறமும் சீவ வேண்டும். வேர்ச்செடியின் தலையை நறுக்கி, தண்டை நடுவே ஓர் அங்குல ஆழத்திற்குப் பிளந்து, ஆப்பைச் செருகிப் பாலிதீன் நாடாவால் இறுகக் கட்ட வேண்டும். காய்ந்துவிடாமல் மேலே ஒரு மெல்லிய பாலிதீன் உறையை மாட்டி நிழலில் வைத்தால் மூன்று நான்கு வாரங்களில் துளிர் தெரியும். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் துளிரை அவ்வப்போது கிள்ளி எறியாவிட்டால், அது மேலுள்ள நற்சாதியை அழித்துவிடும். விதைக்கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்றோ மூன்று நான்கு ஆண்டுகளில் பலன் தரத் தொடங்கும். வாங்குபவர் தரும் விலை அந்த ஆண்டுகளுக்கு உரிய விலை.

கொய்யாவும் மாதுளையும் பதியத்தில் வரும். மல்லிகையைக் குச்சி ஊன்றியே பெருக்கலாம். தங்கச்சிமடம் பக்கத்து மல்லிகை நாற்றுகள் தொலைதூர ஊர்களுக்கும் செல்கின்றன. போத்து நட்டு வளர்த்து வந்த முருங்கையிலும், விதை மூலம் வளர்ந்து ஆறு மாதத்தில் காய்க்கும் பி.கே.எம். 1 என்னும் வகையைப் பெரியகுளம் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தார் 1989-இல் வெளியிட்டனர். இத்தகைய ஆய்வு நிலையங்களின் வாயில் நமக்கும் திறந்ததே. தயங்காமல் சென்று கேளுங்கள்.

ஒரு தவறும் அதன் பாடமும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் நான்கு இளைஞர்கள் கூடி நாற்றங்கால் தொடங்கினர். உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் அவசரத்தில் இரு சாதி மாங்குச்சிகளைக் கலந்து கட்டிவிட்டனர். அடையாளச் சீட்டும் கட்டவில்லை. பங்கனபள்ளி என்று ஐம்பது கன்று வாங்கிய விவசாயி நான்காம் ஆண்டு வந்து நின்றார். பாதி மரங்களில் வேறு காய்! நெல்லில் தவறு செய்தால் அடுத்த போகத்தில் திருத்தலாம். கன்றில் செய்த தவறு நான்கு ஆண்டு கழித்தே முகம் காட்டுகிறது.

அதைவிட வருத்தியது வேறொன்று. "அவர்களிடம் வாங்கினால் இப்படித்தான்" என்று கடைத்தெருவில் பேசினார்கள். மற்றவர் தவறு செய்தால் அது அவருடைய தவறு. நம்மில் ஒருவர் செய்தால் அது நம் தெரு முழுவதற்கும் ஆகிவிடுகிறது. இது அநீதி. ஆயினும் அந்த நால்வரும் ஓடி ஒளியவில்லை. வீட்டுக்கே சென்று, அத்தனை மரத்திற்கும் ஈடாகப் புதிய கன்று கொடுத்தனர். அன்று முதல் ஒவ்வொரு பாத்திக்கும் சீட்டு. எந்தத் தாய்மரம், எந்த நாள், எவர் கட்டியது என்று ஏட்டில் பதிவு. இன்று அதே விவசாயி தம் உறவினரையும் அங்கேயே அனுப்புகிறார். பேச்சுக்கு நாம் அளிக்கக்கூடிய விடை அந்த ஏடே.

வேறு இடர்களும் உண்டு. கோடையில் இரண்டு நாள் தண்ணீர் இல்லையெனில் ஓராண்டு உழைப்பு கருகும். நீர் உறுதியாகாமல் தொடங்காதீர்கள். நெடுநாள் பையில் நின்ற கன்றின் வேர் சுருண்டு கெடும்; விற்குமளவே வளர்க்க வேண்டும். கன்று விற்க விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் பெற வேண்டும்; பெறாமல் விற்பது குற்றமாகும். வட்டிக்காரரிடம் கைநீட்டும் முன் 1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனத்தின் மானியக் கடன்களை விசாரியுங்கள். நிலம் வாங்கும் குடும்பத்தார் பெண்களின் பெயரிலேயே பதியட்டும். கூலிக்குச் சென்ற நம் தாய்மார்கள் நாற்று நட்ட வயலில் ஒரு சென்டும் அவர்கள் பெயரில் இருந்ததில்லை.

தோட்டம் அமைக்கும் தொழில்

நகரங்களில் அடுக்குமாடி வீடுகளும் தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் தோட்டம் அமைக்க ஆள் தேடுகின்றன. அங்கே மண் சுமப்பவரும் புல் வெட்டுபவரும் பெரும்பாலும் நம்மவரே. ஒப்பந்தம் எடுப்பவர் வேறொருவர். நிலத்தை அளந்து வரைபடம் இடுதல், மழைநீர் தேங்காமல் வாட்டம் பார்த்து மண் நிரவுதல், புல்தரை பதித்தல், வேலிச்செடி கத்தரித்தல், மாதந்தோறும் பராமரித்தல் ஆகியவற்றுக்கு விலைப்புள்ளி எழுதத் தெரிந்த ஒருவர் நம்மிடையே இருந்தால் அந்த ஒப்பந்தம் நம் கைக்கு வரும்.

எந்த மரத்தை எங்கே நடுவது என்பதும் அறிவே. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றில் அழகுக்காக நட்ட அயல்நாட்டு மரங்கள் மிகுதி. புங்கு, பூவரசு, மகிழம், வேம்பு, சரக்கொன்றை ஆகியவற்றின் குணம் நம் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அது ஏட்டில் ஏறாத கல்வி; அவர்களோடு மறைய விடலாகாது.

கழகத்திற்கு நம் வேண்டுகோள்

வெள்ளி விழாவின் நினைவாக மூன்று செயல்களைக் கழகம் மேற்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். மாணவர் விடுதியின் பின்புறம் கிடக்கும் நிலத்தில் பத்து சென்டைச் சீர்ப்படுத்தி, சாதி உறுதியான தாய்மரங்கள் நட்டு, ஒரு பயிற்சி நாற்றங்கால் அமைக்கலாம். அங்கே பயிற்சி பெறுவோருக்குக் கூலியுடன் விற்பனையில் பங்கும் தருதல் வேண்டும். படிக்கும் சிறுவரை அவ்வேலையில் ஈடுபடுத்தலாகாது. ஆண்டுதோறும் தோட்டக்கலைப் பட்டப்படிப்பில் சேரும் ஒரு மாணவருக்கும் ஒரு மாணவிக்கும் உதவித்தொகை வழங்கலாம். ஊர்தோறும் நில ஆவணங்களைப் படித்துக் குறிப்பெடுக்க நான்கு பட்டதாரிகள் கொண்ட குழு ஒன்றை நியமிக்கலாம்.

எம் தந்தையாரின் ஒட்டுக்கத்தி இன்றும் எம் வீட்டில் இருக்கிறது. பிடி தேய்ந்திருக்கிறது, அலகு கெடவில்லை. நாற்றங்கால் அமையும் நாளில் அதனைக் கழகத்திடம் ஒப்படைக்க விரும்புகிறோம். அதைக் கொண்டு கட்டும் முதற் கன்றின் சீட்டில், அதனைக் கட்டிய பிள்ளையின் பெயர் எழுதப்பட வேண்டும். எம் தந்தையார் கட்டிய ஆயிரமாயிரம் கன்றுகளில் ஒன்றிலேனும் அவர் பெயர் இருந்ததில்லை.