நாற்பதுக்குப் பின் ஒரு தொழில் மாற்றம்

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

தொழில் பற்றி நிகழ்த்தப்படும் உரைகள் பெரும்பாலும் இளைஞர்களை நோக்கியே அமைகின்றன. உயர்தரத்தில் எந்தப் பாடத்தைத் தெரிவு செய்வது, எந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டு என்பன போன்ற விடயங்களே பேசப்படுகின்றன. இன்று நான் பேச விரும்புவது அந்த இளைஞர்களின் வாப்பாமாரைப் பற்றியாகும். இருபது ஆண்டுகள் செய்த தொழில் கைவிட்டுப் போன நிலையில், அல்லது அதனைத் தொடர மனச்சாட்சி இடங்கொடாத நிலையில், நாற்பத்தைந்தாவது வயதில் புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டியவர்களைப் பற்றியாகும். முப்பதுகளில் இருக்கும் ஒருவர் இதனைப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும், ஜும்ஆ முடிந்து ஏனையோர் கலைந்து செல்லும்வரை பள்ளிவாசல் தூணருகே காத்திருந்து, பின்னர் மெல்லிய குரலில் பேச்சைத் தொடங்குகின்றவர்கள் பெரும்பாலும் அந்த வயதினராகவே இருக்கின்றனர்.

அவர்களது நிலைமைகள் பலவிதமானவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. வாகன வியாபாரத்தையே நம்பியிருந்தவர்களுக்கு அந்த ஐந்தாண்டு இடைவெளி சாதாரணமானதன்று. கொரோனாக் காலத்தில் வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்களில் பலருக்கு, விட்டுவந்த வேலை மீண்டும் கிடைக்கவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எத்தனையோ கடைகள் மூடப்பட்டன. வேறு சிலருக்கு வருமானம் குறைவில்லை. ஆனால் அவ்வருமானத்தில் வட்டி கலந்திருப்பது தூக்கத்தைக் கெடுக்கிறது. மௌலவிமாரும் இதற்கு விதிவிலக்கல்லர். இமாமத்துச் சம்பளத்தில் நான்கு பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாமல், ஐம்பதை நெருங்கும்போது வேறு வழி தேடுகின்ற ஆலிம்கள் நம் ஊர்களில் இருக்கின்றனர். பள்ளிவாசல் நிர்வாகிகள் இந்த வரியைச் சற்று நின்று வாசிப்பார்களாக.

அன்புக்குரியவர்களே! இவர்களை வருமானக் குறைவைவிட அதிகமாக வாட்டுவது வேறொன்று. “நேற்று வரை முதலாளி, இன்று இன்னொருவரின் கடையில் கணக்கெழுதுகிறார்” என்ற சொல். “கட்டாரில் நல்ல இடத்தில் இருந்தவர், இப்போது முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்” என்ற சொல். இச்சொற்களை உதிர்ப்பவர்கள் அந்நியர்கள் அல்லர். கல்யாண வீட்டில் ஒரே ஸஹனில் அமர்ந்து உண்பவர்களே. இதற்கு அஞ்சித்தான், வேலை போன செய்தியை வீட்டாரிடமே மறைத்து, காலையில் வழக்கம்போல் அயர்ன் செய்த சட்டையுடன் புறப்பட்டு, மாலைவரை எங்கோ இருந்துவிட்டு ஒருவர் வீடு திரும்புகிறார். ஹலாலான வேலையொன்றுக்கு வெட்கப்படுமாறு ஒரு முஸ்லிமை நிர்ப்பந்திப்பது எவ்வளவு பெரிய பாவம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை ஸூரத்துல் கஸஸிலே அல்லாஹுதஆலா விரிவாகக் கூறுகின்றான். பிர்அவ்னின் மாளிகையில் வளர்ந்தவர் அவர். உயிருக்கு அஞ்சி மத்யனுக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒன்றுமில்லை. நீர்நிலையருகே இரு பெண்கள் தம் ஆடுகளுக்கு நீர் புகட்ட முடியாது ஒதுங்கி நிற்கக் கண்டு, கூலி எதுவும் பேசாமல் நீர் புகட்டிக் கொடுத்தார். பின்னரே நிழலில் ஒதுங்கி, தன் தேவையைத் தன் இறைவனிடம் முறையிட்டார். இந்த வரிசையைக் கவனியுங்கள். முறையீட்டுக்கு முன்னரே, தன்னிடம் எஞ்சியிருந்த உடல் வலிமையைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். அதன்பின் அப்பெண்களில் ஒருவர் தன் தந்தையிடம் அவரை வேலைக்கு அமர்த்துமாறு கூறியபோது காட்டிய தகுதிகள் இரண்டு: அவர் வலிமையானவர், நம்பிக்கையானவர். மாளிகையில் வளர்ந்தது அங்கே தகுதியாகவும் பேசப்படவில்லை, ஆடு மேய்ப்பதற்குத் தடையாகவும் கருதப்படவில்லை. எட்டு ஆண்டுகள் என்று ஒப்பந்தம், விரும்பினால் பத்து. நீண்டதையே அவர் பூர்த்தி செய்தார் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். மாளிகைவாசி ஒருவர் பத்தாண்டுகள் மேய்ப்பராக வாழ்ந்தார். நுபுவ்வத் அதன் பின்னரே வந்தது.

நமது நாட்டிலேயே இதற்கு ஒத்த ஒரு பெரும் சோதனை நிகழ்ந்தது. 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவர்கள், தையற்காரர்கள், இரும்பு வியாபாரிகள் புத்தளத்துக்கு வந்து, வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் நாட்கூலிகளாக நின்றனர். நடுவயதில், ஒரே வாரத்தில் தொழில் மாறியவர்கள் அவர்கள். எல்லோரும் மீண்டும் எழுந்தார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது. பலர் அந்த முகாம்களிலேயே முதுமை அடைந்தனர். ஆனால் உப்பளத்தில் நின்ற அந்த வாப்பாமாரின் கூலியிலேயே ஒரு தலைமுறை பாடசாலை சென்றது.

இனி, விரும்பித் தொழில் மாறுகின்றவர்களின் விடயத்துக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை நாம் அனைவரும் அறிவோம். கி.பி. 1095இல் அன்னார் பக்தாதின் நிழாமிய்யாக் கலாபீடத்தின் பேராசிரியர். அக்காலத்தில் ஓர் ஆலிம் அடையக்கூடிய மிக உயர்ந்த பதவிகளில் ஒன்று. வயது முப்பத்தேழு. தான் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவன்று, புகழுக்காகவே என்ற எண்ணம் அவர்களை அரித்தது. விட்டுவிடவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. ஒரு நாள் எடுத்த முடிவு மறுநாள் உடைந்தது. இவ்வாறு ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழிந்தன. ஈற்றில் பாடம் நடத்த நா எழாமலும், உணவு இறங்காமலும் போய், வைத்தியர்களும் கைவிட்டனர். இவையனைத்தையும் ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்ற தமது நூலில் அன்னாரே எழுதி வைத்துள்ளார்கள். ஹுஜ்ஜத்துல் இஸ்லாத்துக்கே ஆறு மாதத் தடுமாற்றம் இருந்ததென்றால், தடுமாறுகின்ற ஒருவரைப் பார்த்து “ஈமான் போதாது” என்று கூற நாம் யார்?

ஆனால் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது அதே நூலிலுள்ள வேறொரு செய்தியை. பக்தாதை விட்டுப் புறப்படுமுன் அன்னார் தமது செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். எனினும் தமக்குப் போதுமான அளவையும், பிள்ளைகளின் ஜீவனத்துக்குரியதையும் எடுத்து வைத்த பின்னரே அளித்தார்கள். துறவு நோக்கிப் புறப்பட்டவரே பிள்ளைகளின் சோற்றை ஒழுங்குபடுத்திவிட்டுப் புறப்பட்டிருக்கிறார். அபூபக்ர் (ரலி) அவர்களும் அவ்வாறே. அறுபது வயதளவில் கலீபாவானபோது, மறுநாள் காலையில் தோளில் துணிகளைச் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள். தடுத்த தோழர்களிடம், தன் குடும்பத்துக்கு எதைக்கொண்டு உணவளிப்பது என்றே கேட்டார்கள். பைத்துல்மாலிலிருந்து படி நிர்ணயிக்கப்பட்ட பின்னரே வியாபாரத்தைக் கைவிட்டார்கள். தவக்குல் என்ற பெயரால் கணக்குப் பார்க்காது பாய்வது இவர்களுடைய வழியன்று.

ஆகவே சில நடைமுறை விடயங்களையும் சொல்ல வேண்டியுள்ளது. உள்நாட்டில் வேலை செய்தவர் தனது ஊழியர் சேமலாப நிதி வேலையை விட்ட உடனேயே கைக்கு வரும் என எண்ணிவிடக் கூடாது. பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதிலேயே அது கிடைக்கும். சவூதியில் பணிபுரிபவர் தாமாக விலகும்போது, பத்தாண்டுகள் நிறைந்திருந்தால் பணிக்கொடை முழுமையாகக் கிடைக்கும். ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் விலகினால் மூன்றில் இரண்டு பங்குதான். ஒன்பதரை வருடத்தில் கோபித்துக்கொண்டு வருபவர் இழப்பது சிறிய தொகையன்று.

நாடு திரும்பியவுடன் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் போட்டுக் கடை திறப்பது நம்மவர்களின் வழக்கமாகிவிட்டது. ஏற்கனவே மூன்று பலசரக்குக் கடைகள் உள்ள தெருவில் நான்காவதாக ஒன்று. அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் சந்தைக்கு வழி கேட்ட நிகழ்வை மிம்பர்களில் சொல்லிச் சொல்லி, எல்லோரையும் வியாபாரிகளாக்கப் பார்க்கிறோம். அன்னார் மக்காவிலேயே வியாபாரம் பழகியவர். ஊர்தான் மாறியது, தொழில் மாறவில்லை. பதினைந்து வருடம் குளிரூட்டிகள் திருத்தியவருக்குத் தெரிந்த சந்தை அரிசி மூட்டையில் இல்லை, அவர் கைகளில் இருக்கிறது. அவருக்குச் சான்றிதழ் இல்லாதிருக்கலாம். தேசிய தொழிற்றகைமை முறையின் கீழ், வகுப்புக்குச் செல்லாமலே, அனுபவத்தால் பெற்ற திறமையைச் சோதித்து என்.வீ.கியூ. சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நம் நாட்டில் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில் இதுபற்றி விசாரிக்கலாம். மேசன், தச்சர், மின்னிணைப்பாளர், சமையற்காரர் எனப் பலருக்கும் இது பயன்படும்.

புதிதாகக் கற்க வயது கடந்துவிட்டது என்பவர்களுக்கு ஒரு பெயர் மட்டும் சொல்கிறேன். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களுள் ஒருவர் அல்கஃப்பால் அல்மர்வஸீ (ரஹ்). ‘கஃப்பால்’ என்றால் பூட்டுச் செய்பவர். முப்பது வயதுவரை அதுதான் அவர் தொழில். அதன் பின்னரே பிக்ஹு கற்க அமர்ந்தார். ஹிஜ்ரி 417இல் தமது தொண்ணூறாவது வயதில் அன்னார் வபாத்தானபோது, குராஸானின் ஷாபிஈ அறிஞர்களுக்கு அவரே ஆசானாக இருந்தார்.

தாய்மார்களே! இப்போது சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். குறிப்பாகக் கிழக்கிலே, மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே கல்யாணம் என்ற வழக்கம் ஆழ வேரூன்றியுள்ளது. ஒரு வாப்பா இருபது வருடம் பாலைவனத்தில் நிற்பதும், உடல் நலிந்த பின்னரும் திரும்ப முடியாதிருப்பதும் பெரும்பாலும் அந்த வீட்டுக்காகத்தான். மூத்த மகளுக்கு ஒன்று முடிய, இளைய மகளுக்கு அத்திவாரம் தொடங்குகிறது. “எனக்கு இது ஒத்துவரவில்லை, ஊருக்கு வந்து சிறியதாக ஏதாவது செய்கிறேன்” என்று அவர் தொலைபேசியில் சொல்லும்போது, மறுமுனையில் நிலவும் மௌனமே அவருக்குரிய தீர்ப்பாகிவிடுகிறது. மஹர் கொடுத்து மணக்க வேண்டிய மார்க்கத்தில், மாமனாரின் ஆயுளைச் சீதனமாக வாங்கிக்கொள்ளும் இளைஞர்களே, அந்த மௌனத்தில் உங்களுக்கும் பங்குண்டு.

இஸ்திகாராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கனவு காண்பதற்கான தொழுகையன்று. விசாரித்து, கணக்கிட்டு, அறிந்தவர்களிடம் மஷூரா செய்து, ஒன்றை நோக்கி மனம் சாய்ந்த பின் அதன் நன்மையை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதாகும். கனவு வரவில்லை என்று இரண்டு வருடங்களைக் கடத்தியவர்களும் இருக்கிறார்கள்.

இளம் சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டில் வாப்பாவின் முகம் சில மாதங்களாக வாடியிருந்தால், இன்றிரவு இஷாவுக்குப் பின் அவர் அருகே அமருங்கள். “வாப்பா, வேலை எப்படி இருக்கிறது? கடன் எவ்வளவு இருக்கிறது?” என்று கேளுங்கள். முதல் தடவை அவர் கோபப்படலாம். “உன் படிப்பைப் பார்” என்று எழுந்து போகலாம். இரண்டு நாள் விட்டு மீண்டும் கேளுங்கள். ஒரு கொப்பியை எடுத்து, வீட்டின் மாதச் செலவை உம்மாவுடன் சேர்ந்து எழுதுங்கள். வருமானம் பாதியானால் ஆறு மாதம் எப்படிச் சமாளிப்பது என்று அதில் பாருங்கள். எதைக் குறைக்கலாம் என்ற பேச்சு வரும்போது, உங்கள் செலவில் ஒன்றை நீங்களே முதலில் வெட்டிக் காட்டுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரது றிஸ்கிலும் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.