இடிஞ்ச வீட்டுக்கு யார் சாட்சி?

(பேரிகையில் நத்தம் நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கவிதை எழுதுறவன். பகல்ல பேங்க் கிளார்க். கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. ஆனா இன்னிக்கு வீட்டைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன்.

ஓசூர்க் கோட்டையில் ஒரு மாளிகை இருந்தது. போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில், இந்தப் பக்கமெல்லாம் சேலம் ஜில்லாவாக இருந்தபோது, பிரெட் என்கிற வெள்ளைக்காரக் கலெக்டர் கட்டினது. இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டை மாதிரி வேணும்னு கட்டினாராம். இன்னிக்கு அந்த மாளிகை இல்லை. கதை மட்டும் இருக்கு. பொண்டாட்டிக்காகக் கட்டினார்னு இப்பவும் ஊர்ல சொல்றாங்க. கல் சுமந்தவன் பேரு அந்தக் கதையில் உண்டா? சுண்ணாம்பு அரைச்சவ பேரு உண்டா? கிடையாது. துரை வீடு இடிஞ்சாலும் கதையா நிக்குது.

நம்ம வீடுகள்ல உரிமையாளர் பேரோட வரலாற்றில் நிக்கிற வீடு எது? கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசை. 1968 டிசம்பர் 25 ராத்திரி அதுக்குள்ள 44 பேரை எரிச்சாங்க. அதனால அந்தக் குடிசைக்குப் பேர் இருக்கு. நம்ம வீட்டுக்கு வரலாறு வேணும்னா அதுக்குள்ள நாம சாகணுமா?

நத்தம் தூரத்து ஊர் இல்லை. 2004 வரைக்கும் நாமளும் அவங்களும் ஒரே தர்மபுரி மாவட்டம். இளவரசனும் திவ்யாவும் சாதி தாண்டிக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 2012 நவம்பர் 7, திவ்யாவின் அப்பா இறந்த அன்னிக்கு, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூணு காலனியிலும் 250க்கு மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினாங்க. பல வீடுகள் பெங்களூர், திருப்பூர்னு போய் உழைச்ச காசுல எழுந்தவை. பீரோவை உடைச்சு நகையை எடுத்துக்கிட்டு அப்புறம் தீ வச்சாங்க. பிள்ளைகளோட சர்டிபிகேட் எரிஞ்சது. ரேஷன் கார்டு எரிஞ்சது. அடுத்த வருஷம் ஜூலை 4ல் இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார். எரிஞ்சது கூரை மட்டுமில்லை தோழர்களே, ஒரு தலைமுறையின் கூலி.

எரிச்சவங்களைச் சொல்லிட்டேன். இனி இடிச்சவனைச் சொல்றேன். அது நான்தான்.

எங்க பாட்டி வீடு மண் சுவர், நாட்டு ஓடு. வாசல்ல ராகிக்கல். வீட்ல தெலுங்கு, பள்ளிக்கூடத்துல தமிழ், கம்பெனிக்குப் போனா கன்னடம்னு மூணு பாஷையும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கு. இனிமே செத்த மாடு தூக்க மாட்டோம்னு எங்க சேரி முடிவெடுத்ததும் அந்தத் திண்ணையில்தான். அன்னிக்கு ராத்திரி ஊர்க்காரங்க வந்து, பையன்களை வெளியே அனுப்புன்னு கேட்டப்போ, பாட்டி உலக்கையோட வாசப்படியில் நின்னாளாம். 'இது என் வீடு. படி ஏறாதே.' அவ்வளவுதான் சொன்னாளாம். உள்ளே இருந்தது அஞ்சு பேருன்னு பெரியம்மா சொல்லும். பதினோரு பேருன்னு பக்கத்து வீட்டுத் தாத்தா சொல்வார். உலக்கை விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் சண்டை இல்லை.

அந்த வீட்டை இடிச்சுத்தான் தளம் போட்ட வீடு கட்டினேன். வீட்டுக் கடன் விண்ணப்பத்துல பழைய கட்டடத்தின் மதிப்பு என்னன்னு கேட்டிருந்தது. 'மண் சுவர், மதிப்பு இல்லை'ன்னு என் கையாலதான் எழுதினேன். கவிதை எழுதுற அதே கை. ஒரு போட்டோகூட எடுக்கலை. ஓடு எண்ணினேன், திண்ணையை எண்ணலை.

தளம் போட்ட வீடு வேண்டாம்னு சொல்ல வரலை. ஒழுகுற கூரைக்குக் கீழே படுத்தவனுக்குத்தான் தளத்தோட அருமை தெரியும். மண் வீடுதான் நம்ம பண்பாடுன்னு மாடியிலிருந்து பேசுறவங்களோட எனக்குச் சேர்க்கை இல்லை. இடிக்கலாம். இடிக்கிறதுக்கு முன்னாடி எழுதணும்.

மாணவர்களே, ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. சேரியில வீடு வீடாப் போங்க. யார் கட்டினது, எந்தக் கூலியில் கட்டினது, யாருக்கு அடைக்கலம் கொடுத்தது, எப்போ விழுந்ததுன்னு கேளுங்க. கிழவிகளை முதல்ல கேளுங்க. ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொன்னா ரெண்டையும் எழுதுங்க. பட்டா இருந்தா நகல் எடுத்து வேறொரு ஊர்ல வையுங்க. நத்தம் நமக்குச் சொன்ன பாடம் அது.

என் நோட்டில் முதல் பக்கம் எழுதிட்டேன். வீடு: பாட்டியுடையது. சுவர்: மண். மதிப்பு என்கிற இடத்தில் இந்தத் தடவை 'உலக்கை'ன்னு எழுதியிருக்கேன்.

ஜெய் பீம்.